ஆய்வுத் தரவை எங்கே வைப்பது: கேட்டால் தருவதா, ஜெனோடோவா, துறைக் களஞ்சியமா?

ஆய்வுக் கட்டுரை ஏற்கப்படும் நேரத்தில் ஆய்விதழ் கேட்கும் கேள்வி, "உங்கள் தரவு எங்கே இருக்கிறது?" புவி அறிவியலிலும் விண்வெளி அறிவியலிலும் இதற்கு மூன்று பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. கேட்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றலாம். இல்லாவிட்டால் அந்தந்தத் துறைக்கென்றே நடத்தப்படும் களஞ்சியத்தில் சேர்க்கலாம்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'கேட்டால் தருகிறோம்' என்று எழுதுபவர் மனதார எழுதுகிறார். அப்புறம் வேலை மாறுகிறார், மின்னஞ்சல் முகவரி செயலிழக்கிறது, ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகிறது. உயிரியல் துறையில் 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு இன்னும் இருப்பதற்கான சாத்திய விகிதம் 17 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் இதழ்கள் இப்போது இந்த வாசகத்தை ஏற்பதில்லை. நல்ல முடிவு.

தனி ஆள் மட்டும்தான் தொலைப்பார் என்றும் இல்லை. அப்பல்லோ 15, 17 வீரர்கள் நிலவின் மண்ணில் பதித்த வெப்ப அளவிகள் 1977 வரை வேலை செய்தன. ஆனால் முறையாகக் களஞ்சியம் சேர்ந்தது 1974 கடைசி வரையிலான தரவு மட்டுமே. பல ஆண்டுகள் கழித்துத் தேடியபோது 1975-ன் மூன்று மாதங்களுக்கான 440 காந்த நாடாக்கள் கிடைத்தன. அவற்றிலிருந்து மீட்ட அளவீடுகள் 2018-ல்தான் கட்டுரையாயின.

சரி, ஜெனோடோ. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்துவது. இலவசம். ஒரு பதிவுக்குப் பொதுவாக 50 ஜிபி வரை இடம். எந்தக் கோப்பு வகையானாலும் சரி, சில நிமிடங்களில் டிஓஐ (மேற்கோள் காட்டுவதற்கான நிலையான இணைய அடையாள எண்) கிடைத்துவிடும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான ஜிட்ஹப்பில் இருக்கும் நிரலை இணைத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி டிஓஐ வரும். நிரலுக்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு ஜிப் கோப்பு, அதற்குள் ஒரு சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு), அதில் 'டெம்ப்' என்று ஒரு பத்தி. செல்சியஸா, கெல்வினா? காற்றின் வெப்பமா, மண்ணின் வெப்பமா? நடுநடுவே -9999 என்று வருவது அளவீடு விடுபட்டதற்கான குறி என்பது எழுதியவருக்குத் தெரியும். சராசரி எடுக்கப்போகும் மாணவருக்கு யார் சொல்வது? இப்படிப்பட்ட கோப்புக்கும் டிஓஐ உண்டு, ஆய்விதழின் நிபந்தனையும் நிறைவேறிவிடும். பயன்படுத்த மட்டும் முடியாது.

துறைக் களஞ்சியம் இங்கேதான் வேறுபடுகிறது. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் பிரெமன் பல்கலைக்கழகத்தின் மாரம் மையமும் சேர்ந்து நடத்தும் பாங்கேயாவுக்கு ஒரு கடல்படிவத் தரவை அனுப்பினால், அதை ஒரு தரவுப் பதிப்பாசிரியர் படிக்கிறார். அலகு எங்கே, எந்த ஆழம், எந்த அட்சரேகை என்று திருப்பிக் கேட்கிறார். வாரக்கணக்கில் இழுக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பதிலுக்கு, ஒவ்வொரு எண்ணும் தன் இடத்தோடும் நேரத்தோடும் போய்ச் சேர்கிறது.

நில அதிர்வுத் துறையில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. கருவி பதிவது வெறும் எண்ணிக்கைகளை. அவற்றை நிலத்தின் வேகமாக மாற்ற அந்தக் கருவியின் துலங்கல் விவரம், அதாவது எந்த அசைவுக்கு அது எவ்வளவு எண்ணிக்கை காட்டும் என்ற விவரம், வேண்டும். எர்த்ஸ்கோப்பின் களஞ்சியத்தில் (2023-ல் ஐரிஸ், யுனாவ்கோ என்ற இரண்டு அமெரிக்கப் புவி அறிவியல் அமைப்புகள் இணைந்து உருவானது இது) அலைப்பதிவும் துலங்கலும் சேர்ந்தே கிடைக்கும். "இந்த நிலையம், இந்த ஒரு மணி நேரம்" என்று கேட்டு அதை மட்டும் எடுக்கலாம். அதே தரவு ஜெனோடோவில் 40 ஜிபி ஜிப்பாக இருந்தால் முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஒழுங்காகச் சேர்த்து வைத்ததன் பலனும் நிலவிலிருந்தே வந்தது. அப்பல்லோ நில அதிர்வுப் பதிவுகளைப் புதிய முறைகளில் மறுபடி அலசி, நிலவின் உட்கருவுக்கான தடயத்தை 2011-ல் கண்டார்கள். கருவிகள் 1977-லேயே அணைக்கப்பட்டுவிட்டன.

தங்கள் தரவை வைத்தே மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் தரவைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நியாயமான பயம்தான், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் வாங்கியவர்களுக்குத் தனியுரிமைக் காலம் உண்டு, அதுவரை தரவு அவர்களுக்கு மட்டும்தான். முன்பு ஒரு வருடம், இப்போது பொதுவாக ஆறு மாதம். ஜெனோடோவிலும் வெளியாகும் தேதியைத் தள்ளி வைக்கலாம்.

என் தேர்வு: உங்கள் வகைத் தரவுக்குத் துறைக் களஞ்சியம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கேயே போங்கள். நிரல், வரைபடங்களுக்கான எண்கள், எந்தத் துறைக் களஞ்சியத்திலும் அடங்காத ஆய்வகச் சோதனைகள் எல்லாம் ஜெனோடோவுக்கு. காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரியின் டெராபைட் கணக்கான வெளியீடு முழுவதையும் சுமக்க வேண்டாம். மாதிரியின் நிரலும் அமைவுக் கோப்புகளும் முடிவுக்கு ஆதாரமான பகுதியும் போதும். இரண்டு இடத்து டிஓஐகளையும் ஒன்றோடொன்று இணைத்து, கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

களஞ்சியத்துக்கு எழுதுவதைக் கட்டுரை முடியும்வரை தள்ளிப் போடாதீர்கள். களப்பணிக்குக் கிளம்பும் முன்பே கேட்டால் என்னென்ன குறித்துவர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எந்த உணர்கருவி எந்தக் குழியில் இருந்தது என்பதைக் கருவியைப் பிடுங்கிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.