வெள்ளி மூடி போட்ட சென்ட் குப்பி: 1,850 ரிங்கிட் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கோபத்தில் கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் போன சனிக்கிழமை 1,850 ரிங்கிட் கொடுத்து ஏமாந்துவிட்டேன். கடைப் பெயரைப் போடவில்லை. வாசலில் பழைய கடிகாரங்கள், உள்ளே பூட்டு போட்ட கண்ணாடி அலமாரி, அந்த மாதிரிக் கடை. வாங்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இந்த மாதம் 70 வயது. பாட்டி கெடாவில் ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரையம்மாவின் மேசையில் வெள்ளி மூடி போட்ட சின்ன சென்ட் குப்பி இருக்கும், வெயில் பட்டால் சுவரில் வானவில் விழும் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதே மாதிரி ஒன்றை அந்த அலமாரியில் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. பட்டை தீட்டிய கண்ணாடி, கழுத்தில் வெள்ளி வளையம், கீல் வைத்த மூடி, அதைத் திறந்தால் உள்ளே குட்டிக் கண்ணாடி அடைப்பான்.

கடைக்காரர் நம்மவர், அறுபதைத் தாண்டியவர். "உட்காரு தங்கச்சி" என்று நாற்காலி போட்டார், தே ஓ (பால் இல்லாத தேநீர்) வரவழைத்தார். நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்சை என் கையிலேயே கொடுத்து, "நான் சொன்னா நம்பாத, நீயே பாரு" என்றார். பார்த்தேன். கழுத்து வளையத்தில் நடக்கும் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து. சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஊர் முத்திரை, எழுத்து எந்த வருடம் என்று காட்டும் என்று பொறுமையாக விளக்கினார். அங்கேயே கைப்பேசியில் தேடிப் பார்த்தேன், சொன்னது அத்தனையும் சரி. அதில்தான் விழுந்தேன். 2,200 கேட்டவர் 1,850க்கு இறங்கியதும் ரொக்கமாகவே கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூஜைச் சாமான் துலக்குவது போல விபூதி தொட்டு மூடியைத் தேய்த்தேன். ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. அழுக்கு என்று இன்னும் தேய்த்தால் கோடு அகலமாகிறது. பித்தளை! தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் அடைப்பானைச் சுற்றி ஒழுகுகிறது. மறுநாள் லிட்டில் இந்தியாவில் தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். வளையம் மட்டும்தான் நல்ல வெள்ளி, மூடி முலாம், வளையத்துக்கு அடியில் புதுப் பசை என்றார். உடைந்துபோன ஏதோ ஒரு நல்ல குப்பியின் வளையத்தைக் கழற்றி இதில் ஒட்டியிருக்கிறார்கள். லென்சைக் கடைக்காரர் வளையத்தில் மட்டும் வைக்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

போன் போட்டேன். "நாளைக்கு வா தங்கச்சி, பேசிக்கலாம்." போனால் கடை பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாள் கல்லாவில் ஒரு பையன். "அண்ணன் ஈப்போ போயிருக்காரு, பழைய சாமான்னா அப்படித்தான்கா இருக்கும், நீங்க பார்த்துத்தானே எடுத்தீங்க." ரசீதை நீட்டினேன். அதில் 'போத்தோல் லாமா 1' என்று மட்டும் இருக்கிறது. பழைய புட்டி ஒன்று, அவ்வளவுதான்! வெள்ளி என்ற சொல்லே இல்லை. வாங்கும்போது அதைப் படிக்கக்கூட இல்லை நான். வாட்ஸ்அப்பில் மூடியின் படத்தை அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. நேற்று இரவிலிருந்து என் எண்ணையே தடுத்து வைத்திருக்கிறார். தங்கச்சி என்று கூப்பிட்டவர்! 1,850 ரிங்கிட் எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

சரி, பார்க்க வேண்டியவை. மூடியிலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், வளையத்தோடு நிறுத்தாதீர்கள். அடைப்பானைப் போட்டுத் திருகிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். ரசீதில் வெள்ளி என்றும் எந்த ஊர் முத்திரை என்றும் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கம் கொடுக்காதீர்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டினால் மனு கொடுக்கலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. ஆசாரியிடம் எழுதி வாங்கிய தாளோடு திங்கட்கிழமை போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.