குமுளியா, புளியரையா, போடிமெட்டா? மதுரையிலிருந்து சாப்பிட மட்டும் ஒரு நாள் கேரளா

மதுரையில் இருந்துகொண்டு சாப்பாட்டுக்காக மாநிலம் தாண்டிப் போவதா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. கறி தோசையும் அயிரை மீன் குழம்பும் நடுராத்திரியில்கூடக் கல் காயும் பரோட்டாக் கடையும் இருக்கிற ஊர் இது. ஆனால் குடம்புளி போட்ட மீன் கறி, கையால் பிசைந்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு), ஓரம் மொறுமொறுவென்று நடுவில் பஞ்சாக இருக்கும் அப்பம், தேங்காய்க் கொத்து போட்டுக் கறுக்க வரட்டிய மாட்டுக்கறி, இதெல்லாம் வேண்டுமென்றால் மேற்கே மலை ஏறத்தான் வேண்டும். இங்கேயும் கேரள மெஸ் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீருக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் மலைக் குளிரில் வரும் பசிக்கும் ஈடில்லை.

காலையில் கிளம்பி ராத்திரி வீட்டில் படுக்க வேண்டும், சொந்தக் கார் கிடையாது, வாடகை வண்டிதான் என்றால் மதுரைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி. ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை, ஆரியங்காவு, புனலூர். தேனியில் பிரிந்து போடிமெட்டு ஏறி மூணாறு. குமுளியும் புளியரையும் சாப்பாட்டுக்காகவே நாங்கள் போய்வந்த வழிகள். மூணாறுக்குச் சுற்றிப்பார்க்கத்தான் போயிருக்கிறேன், சாப்பிடவென்று போனதில்லை. அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். என் ஓட்டு குமுளிக்கு.

மூணாறைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மதுரையிலிருந்து 160 கி.மீ. போல வரும். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு காலியாக ஏறினால் அழகு, வயிறு நிறைய இறங்கினால் பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் நிலைமையை நான் எழுதத் தேவையில்லை. போடிமெட்டில் டீக்கடைகளைத் தாண்டினால், மூணாறு போய்ச் சேரும்வரை பூப்பாறை மாதிரிச் சின்ன ஊர்கள்தான். மூணாறில் நான் சாப்பிட்டதெல்லாம் எல்லா மாநிலத்தாருக்கும் ஒரே மாதிரி பரிமாறுகிற சுற்றுலாச் சாப்பாடு. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் நல்ல கடைகள் நிச்சயம் இருக்கும், எனக்குப் பழக்கமில்லை.

புளியரை வழிக்கு ஒரு தனி மரியாதை கொடுக்க வேண்டும். மூன்றில் போகும் வழியிலேயே அதிகம் சாப்பிட முடிவது இதில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, செங்கோட்டைக்கு முன்னால் பிரானூரில் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். அது ஏன் பார்டர் என்று புதிதாகப் போகிறவர்கள் குழம்புவார்கள், இன்றைய எல்லைக்கு இன்னும் போக வேண்டியிருக்கிறதே என்று. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்தப் பழைய எல்லை பிரானூரில். எல்லை மலைப்பக்கம் நகர்ந்துவிட்டது, பரோட்டாக் கடை பெயரை விடவில்லை. அதே 1956-ல் தமிழகம் கேட்டும் கிடைக்காமல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றுவிட்டன. குமுளி பீர்மேடு தாலுகாவில்தான் இருக்கிறது. இன்று குமுளிக் கடைகளில் நாம் தமிழிலேயே 'இன்னொரு கரண்டி குழம்பு' என்று கேட்க முடிவதில் அந்தக் கதைக்கும் பங்குண்டு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பால்கோவாவும் பார்டர் பரோட்டாவும் எல்லைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகின்றன. பிரானூரில் பத்து மணிக்குப் பரோட்டாவும் கோழியும் இறக்கிவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் புளியரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூர் போய்ச் சேரும்போது கேரளச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது. போக வரக் கூட்டினால் 400 கி.மீ.க்கு மேல். குற்றாலம் சீசனில் போனால் தென்காசியிலேயே பாதி நாள் போய்விடும். ஒரு ராத்திரி தங்கலாம் என்றால் பேச்சு வேறு: பதின்மூன்று கண்ணறை ரயில் பாலம், தென்மலை அணை, 1877-ல் கட்டிய புனலூர் தொங்குபாலம், கொட்டாரக்கரை கணபதி கோயில் உண்ணியப்பம் என்று நிதானமாகப் போகலாம். ஒரு நாளில் முடியாது.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். வழியை முடிவு செய்வது சாப்பாடு என்று நினைத்துத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறோம். என் அனுபவத்தில் அதை முடிவு செய்வது நம்பர் பிளேட்டின் நிறம்.

மதுரையில் கார் வாடகைக்குக் கேட்டால் மூன்று விதமாகக் கிடைக்கும். டிரைவரோடு வரும் மஞ்சள் போர்டு. நாமே ஓட்டிக்கொள்ளும் கறுப்பு போர்டு, அதாவது கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மூன்றாவது, 'நம்ம பையன் வண்டிதான், டீசல் போட்டுக்கங்க' என்று வரும் வெள்ளை போர்டு. மூன்றாவதுதான் மலிவு, அதைத்தான் தொடவே கூடாது. தனியார் காருக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று இருக்கும். ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாது. குமுளி மலையடியில் இருக்கும் லோயர் கேம்ப் இறக்கத்தில் எவனாவது இடித்துவிட்டால், கம்பெனி முதலில் தேடுவது வண்டி அன்றைக்கு வாடகையில் போனதா என்பதைத்தான். மிச்சம் பிடித்த ஆயிரம் இரண்டாயிரத்தைப் போல எத்தனையோ மடங்கு கையை விட்டுப் போகும்.

மஞ்சள் போர்டாக இருந்தால் மட்டும் போதாது. எல்லா மஞ்சள் போர்டுக்கும் கேரளாவுக்குள் போக அனுமதி கிடையாது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பர்மிட் வண்டிகளும் நிறைய இருக்கின்றன. ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் தற்காலிகப் பர்மிட்டும் கேரள வரியும் ஆன்லைனில் கட்டிவிட்டு ரசீதோடு போக வேண்டும். இதை வண்டிக்காரரிடம் கேட்டால் வரும் பதில் மதுரை முழுக்க ஒன்றுதான்.

"அண்ணே, கேரளா பர்மிட் இருக்காண்ணே?"

"அதெல்லாம் போயிக்கலாம் சார், பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' என்பதற்குப் பொருள், செக்போஸ்டில் ஆளைப் பொறுத்துப் பேசிக்கொள்ளலாம், செலவு உங்கள் தலையில் என்பதுதான். எங்கள் வீட்டுப் பயணம் ஒன்றில், மச்சானும் மதினியும் பிள்ளைகளும் அப்பம், அப்பம் என்று வாயில் எச்சில் ஊற உட்கார்ந்திருக்க, பேப்பர் சரியில்லாமல் வண்டி எல்லையில் ஓரங்கட்டப்பட்டது. காலைச் சாப்பாட்டு நேரம் அங்கேயே போய்விட்டது. கேரள ஓட்டல்களில் அப்பமும் முட்டைக் கறியும் புட்டும் கடலையும் பத்து மணிக்கு மேல் தேட முடியாது. ஒரு மணி நேரத் தாமதம் என்பது ஒரு வேளைச் சாப்பாடு போன மாதிரி.

குமுளி இங்கேதான் ஜெயிக்கிறது. அங்கே எல்லை ஊருக்கு நடுவில் இருக்கிறது. தமிழ்நாட்டு பஸ்கள் வந்து நிற்கும் இடத்திலிருந்து கேட்டைத் தாண்டி நடந்தால் கேரளக் கடைத்தெரு. பர்மிட் உள்ள வண்டி கிடைத்தால் சரி, நேராக உள்ளே போகலாம். கிடைக்காவிட்டால் வண்டியைத் தமிழ்நாட்டுப் பக்கமே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போகலாம். அந்தப் பக்கம் ஆட்டோ, ஜீப், கேரள அரசு பஸ் எல்லாம் உண்டு. தேக்கடிக்கு ஆட்டோ, வண்டிப்பெரியாருக்கு பஸ். புளியரையில் இந்த வேலை நடக்காது. செக்போஸ்டுக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் மலை இருக்கிறது. போடிமெட்டில் இறங்கி நடந்தால் டீ குடிக்கலாம், மூணாறுக்கு இன்னும் 40 கி.மீ.க்கு மேல் பாக்கி. குமுளியில் உள்ள ஒரே தொல்லை, தமிழ்நாட்டுப் பக்கம் நிறுத்த இடம் குறுகல். டிரைவர் உள்ள வண்டி என்றால் அவர் லோயர் கேம்பில் இறங்கி நின்றுகொண்டு, கூப்பிட்டால் வந்துவிடுவார்.

கி.மீ. கணக்கும் குமுளிக்குத்தான் சாதகம். வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவது இங்கே வழக்கம். நீங்கள் 150 ஓடினாலும் 250-க்குக் காசு. குமுளி போக வர 280-க்குள் அடங்கும், அதனால் கட்டிய காசு முழுக்க ஓடியே தீர்ந்துவிடும், கூடுதல் கி.மீ. முப்பதுக்குள்தான். புனலூருக்குக் கூடுதல் கி.மீ. மட்டுமே நூற்றைம்பதைத் தாண்டும். டிரைவர் பேட்டா தனி. மலை ஏற்றத்துக்குத் தனியாகக் கேட்பவர்களும் உண்டு, முதலிலேயே பேசிவிடுங்கள்.

நாமே ஓட்டும் கறுப்பு போர்டா, டிரைவரா? நாமே ஓட்டினால் யாரும் காத்திருக்கிறார் என்ற உறுத்தல் இல்லாமல் மெதுவாகச் சாப்பிடலாம். பிடிக்காத கடையிலிருந்து எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் முன்பணம், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு போட்டோ, பெட்ரோல் அளவு என்று கிளம்பும் முன்பே அரை மணி நேரம் போய்விடும். பர்மிட் நகல் வண்டியில் இருக்கிறதா என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் சாயங்காலம். வயிறு முட்டச் சாப்பிட்டவன்தான் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி உசிலம்பட்டி வழியாக, எதிர்வண்டி ஹெட்லைட்டில் கண் கூச, ஓட்டி வர வேண்டும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, கேரளாவில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. அந்தக் கடைகளின் மீன் கறிக்காகவே போகிற கூட்டம் உண்டு. கூட வருபவர்களில் யாராவது ஒரு மொந்தை பார்க்க ஆசைப்பட்டால், ஓட்டுகிறவர் வாயைக் கட்டிக்கொண்டு கப்பையோடு நிறுத்த வேண்டும். பாட்டிலில் ஊற்றி எல்லை தாண்டிக் கொண்டுவரும் ஆசையும் வேண்டாம். ஐந்து பேர் என்றால் டிரைவர் வண்டியே மேல். இரண்டு பேர் என்றால் கறுப்பு போர்டு.

குமுளிக்கு எப்படிப் போவது? விடிகாலை நாலரைக்கு மதுரையை விட வேண்டும். தேனி வரை டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டால் பயணமே வீண். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் காலையில் மேலே பறக்கும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். ஏற்றத்தில் அவர்களுக்கு வழி விட்டுவிடுங்கள். லோயர் கேம்ப் தாண்டினால் மலைச்சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவது தெரியும். பெரியாறு தண்ணீர் அதில் வந்துதான் மின்நிலையத்தைச் சுற்றவைத்துவிட்டு நம் வயலுக்கு வருகிறது. ஏற்றம் ஆறேழு கி.மீ.தான், குமட்டுவதற்குள் குமுளி வந்துவிடும்.

எட்டு எட்டரைக்குள் அப்பத்தில் உட்கார்ந்துவிடலாம். முட்டைக் கறியோ கடலைக் கறியோ. மட்டன் ஸ்டூ எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். பரோட்டா கேட்காதீர்கள், மதுரைக்காரனுக்கு அது தேவையில்லாத வேலை. பதினோரு மணிக்குப் பழம்பொரியும் டீயும். நல்ல பழம்பொரியில் மாவு ஒரு தோல் அளவுக்குத்தான் இருக்கும், உள்ளே நேந்திரம்பழம் உருகி நார் தெரியும். மாவு தடியாக இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதியம் ஊண்: சிவப்புக் குண்டரிசிச் சோறு, மோர்க் கறி, தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), மீன் கறி. குடிக்கத் தண்ணீர் இளஞ்சிவப்பு வெந்நீராக வரும். பதிமுகக் கட்டை போட்டது, சாயம் என்று பயப்பட வேண்டாம். மீனைப் பற்றி ஒரு எச்சரிக்கை: இது மலை ஊர், கடல் மீன் ஐஸில் வந்து சேர்வதுதான். குடம்புளியில் ஒரு ராத்திரி ஊறிய கறியாக இருந்தால் அது தெரியாது, வறுத்த மீனில் தெரிந்துவிடும். அதனால் நான் வறுவலை விட்டுவிட்டுக் கறிக்குப் போவேன். இடுக்கிக்கென்று பெயர் பெற்றது எல்லும் கப்பையும். நெஞ்செலும்போடு கப்பையைச் சேர்த்து வேகவைத்துக் கிண்டியது. ஒரு பிளேட்டை இரண்டு பேர் பகிர்ந்தால் போதும். அது பெரும்பாலும் மாட்டெலும்புதான், சாப்பிடாதவர்கள் கூட இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஹர்த்தால் அறிவிப்பு இருந்தால் கடை ஒன்றும் திறக்காது, முந்தின நாளே விசாரியுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்காகக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து வைப்பது வழக்கம். அப்போது எல்லையில் இறங்கி நடக்கும் யோசனை எடுபடாது. அந்த இரண்டு மாதமும் குமுளியை விட்டுவிடலாம்.

நாலு மணிக்குள் இறங்கிவிட்டால் கூடலூர், கம்பம் சாலையோரத்தில் பன்னீர் திராட்சை வாங்க வெளிச்சம் இருக்கும். ஏலக்காயைக் குமுளிக் கடைத்தெருவின் முதல் கடையில் வாங்காமல், இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். இரவுச் சாப்பாடு யாருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் உசிலம்பட்டியில் முட்டை தோசை கிடைக்கும்.

இதெல்லாம் மதுரை நகரத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கான கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் வீடு என்றால் எண்பது கி.மீ. முன்னால் நிற்கிறீர்கள். நீங்கள் பிரானூர்ப் பரோட்டாவைத் திரும்பும்போது வைத்துக்கொண்டு புளியரை வழியாகவே போகலாம், பர்மிட் நகலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு.