லண்டன் சுரங்க ரயில்: பழைய சுரங்கத்தில் புதிய வேகம்

1863இல் நீராவி எஞ்சினுடன் தொடங்கிய இந்தச் சேவையை மதிப்பிடும்போது அதன் வயதை மறந்துவிட முடியாது. 1968இல் திறக்கப்பட்ட நாள்முதல் தானியங்கி முறையில் ஓடும் விக்டோரியா தடத்தில், சமிக்ஞை அமைப்பையும் ரயில்களையும் புதுப்பித்த பிறகு நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள் வரை இயங்குவதால், ஒன்றைத் தவறவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் அடுத்தது வந்துவிடுகிறது. புதிய சுரங்கம் தோண்டாமலே இதைச் சாதித்தது பெரும் பாராட்டுக்குரியது. 2014 முதல் வங்கி அட்டையைத் தொட்டே உள்ளே நுழையலாம்.

ஆனால் ஆழமான தடங்களின் வெப்பம் தீராத குறையாகவே நீடிக்கிறது; ரயில்கள் பிரேக் பிடிக்கும்போது எழும் சூட்டைப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சிய களிமண், இப்போது முன்போல் சுரங்கத்தைக் குளிர்விப்பதில்லை. இதைவிட என்னை வருத்துவது, பாதிக்கும் மேற்பட்ட நிலையங்களில் படியேறாமல் நடைமேடையை அடைய வழியில்லாததுதான். மின்தூக்கிப் பணிகளுக்கே முதலிடம் தர வேண்டும்.