மீட்டர் பேசவில்லையா? ஸ்கேனரா, மல்டிமீட்டரா, மாற்று மீட்டரா?

கத்திவாக்கத்திலிருந்து என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது ஸ்பீடு முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். அடுத்த நொடி ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் என்று எல்லா விளக்கும் எரியும். இன்னொரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் தானாகச் சரியாகிவிடும். "மீட்டரையே மாத்தணும்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றார் ஓட்டி வந்த தம்பி. மீட்டர் என்றால் டேஷ்போர்டில் ஸ்பீடும் விளக்குகளும் காட்டும் அந்தப் பெட்டி. வேறொரு பட்டறையில் புது மீட்டருக்கு விலையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மீட்டரை யாரும் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் காலத்தில் கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும், அது அறுந்தால் முள் நிற்கும். இப்போது எஞ்சின், ஏபிஎஸ் பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள கன்ட்ரோல் பெட்டிகள் தங்கள் கணக்கை முறுக்கிய இரண்டு ஒயர்களில் போடுகின்றன, மீட்டர் அதைப் படித்துக் காட்டுகிறது. 1986-இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட கேன் (CAN) முறை இதுதான். ஆகவே முள் விழுந்தால் மீட்டர்தான் கெட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு வரும் கரண்ட், எர்த், அந்த இரண்டு ஒயர், அனுப்புகிற பெட்டி, இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

முதலில் ஸ்கேனர், அதாவது பெட்டிகள் பதிந்து வைத்த கோளாறைப் படிக்கும் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம் 327 புளூடூத் அடாப்டரை நிறையப் பேர் வாங்கி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் அது உதவும். மீட்டர் கோளாறுக்குப் பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் பல இலவச ஆப்கள் எஞ்சினோடு மட்டும்தான் பேசும். எல்லாப் பெட்டியையும் திறந்து படிக்கும் பட்டறை ஸ்கேனர்தான் வேண்டும். அதிலும் வெறும் கோளாறு எண்ணை (எரர் கோடு) பார்ப்பதைவிட, எந்தப் பெட்டி எந்தப் பெட்டியைக் காணவில்லை என்கிறது என்று பார்க்க வேண்டும். யு0155 என்றால் மற்ற பெட்டிகள் மீட்டரைக் காணோம் என்கின்றன. மீட்டருக்குள் யு0100 இருந்தால், எஞ்சின் பெட்டியின் குரல் தனக்குக் கேட்கவில்லை என்று மீட்டர் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் யு0155-ஐப் பார்த்ததும் மீட்டருக்கு ஆர்டர் போடுவது தப்பு. மீட்டருக்கு வரும் கரண்ட் அறுந்தாலும் அதே எண்தான் வரும்.

அதனால்தான் என் கை முதலில் மல்டிமீட்டருக்குப் போகும். விலையும் குறைவு, ஸ்கேனர் சொல்லாததையும் சொல்லும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில், அந்த இரண்டு ஒயரும் வரும் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சுமார் 60 காட்டினால் இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் நலம். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டு ஒயரும் எங்கோ உரசுகின்றன. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் மீட்டர் தனி ஒயர் லைனில், லைன்களை இணைக்கும் கேட்வே பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும். அப்போது சாக்கெட்டில் 60 வந்தாலும் மீட்டரின் லைனைப் பற்றி எதுவும் தெரியாது, மீட்டருக்குப் பின்னால் ஒயர் மாட்டும் கப்ளரிலேயே அளக்க வேண்டும்.

கத்திவாக்கம் வண்டியில் 60 வந்தது. அப்புறம் அந்தத் தம்பி சொன்னதையே யோசித்தேன்: எல்லா விளக்கும் எரிகிறது, சாவி போட்டவுடன் எரிவது போல. லைனில் கோளாறு என்றால் பொதுவாக முள் சாகும், ஆனால் உள் வெளிச்சமும் கிலோமீட்டர் எண்ணும் அணையாமல் அப்படியே இருக்கும். இங்கே மீட்டரே செத்துப் பிழைக்கிறது. சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டர் கப்ளரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பார்த்தேன். 0.1-க்குள் இருக்க வேண்டியது 0.9 காட்டியது. ஒயர்க்கட்டை லேசாக அசைத்தேன், 5-ஐத் தாண்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே ஓரத்தட்டைக் கழற்றினால் எர்த் போல்ட் பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடக்கிறது. உப்புக்காத்து, மழைக்குத் தேங்கும் தண்ணீர், இரண்டும் நம் வடசென்னை வண்டிகளுக்கு எழுதி வைத்த விதி. காசிமேடு, திருவொற்றியூர் வண்டி என்றால் நான் எர்த்தைத்தான் முதலில் திறப்பேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். எண்ணூர் வரை போய்த் திரும்பினோம், முள் விழவே இல்லை.

வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்புக்கு எல்லோரும் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் 60 ஓம் சரி, எர்த் சரி, கோளாறு மட்டும் வந்து வந்து போகிறது என்றால் அதைவிட்டால் வேறு வழியில்லை. அந்த இரண்டு ஒயரில் 500 கிலோபிட் வேகத்தில் தகவல் ஓடினால் ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ செகண்டுதான். மல்டிமீட்டர் அதைப் பிடிக்காது, சராசரியைத்தான் காட்டும், ஒரு ஒயரில் 2.6 வோல்ட், மற்றதில் 2.4 என்று. கண்ட ஒயரில் கிள்ளி மாட்டிய ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும் கிளப்பும் இரைச்சல் திரையில்தான் தெரியும்.

புதுப்பேட்டையில் பழைய மீட்டர் வாங்கி மாட்டிப் பார்ப்பது கடைசி வழி. பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். கப்ளரைக் கழற்றி மாட்டும்போதே களிம்பு சற்று உதிர்ந்து வண்டி சரியானது போல் தெரியும். பத்து நாளில் திரும்பி வரும், பணம் திரும்பி வராது. சில மாடல்களில் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மீட்டரோடு கட்டியிருக்கும், வேறு மீட்டரைப் போட்டால் எஞ்சினே கிளம்பாது.

எல்லாம் அளந்து பார்த்தும் மீட்டர்தான் குற்றவாளி என்றால் மாற்றுங்கள், சரி. ஆனால் கிலோமீட்டர் கணக்கு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. பழையது எரியும்போதே எண்ணைப் போட்டோ எடுத்து, தேதியோடு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவருக்கு அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.