பழைய ஆர்க்கிட் குமிழ்களைத் துளிர்க்க வைத்த ஸ்பேக்னம் பாசி

பூத்து ஓய்ந்து இலைகளையும் உதிர்த்துவிட்ட சிம்பிடியம் ஆர்க்கிட்டின் பழைய போலிக் குமிழ்களை, அதாவது நீரையும் உணவையும் சேமித்துவைக்கும் பருத்த தண்டுகளை, தூக்கி எறிய மனமில்லாமல், அவற்றிலிருந்து புதுச் செடி எடுப்பதற்காகவே உலர்ந்த ஸ்பேக்னம் பாசியை வாங்கினேன். பஞ்சுபோல் எடையற்றிருக்கும் இந்தப் பாசி தன் உலர் எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஊறவைத்த பிறகு ஒரு சொட்டுகூட வடியாத அளவுக்கு அதைப் பிழிந்துவிட வேண்டும்.

ஒவ்வொரு குமிழின் அடியிலும் உறங்கும் மொட்டுகள் உண்டு; முன்னால் தளிர் வளர்ந்துகொண்டிருக்கும்வரை அவை பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். தீயில் காட்டி ஆறிய கத்தியால் குமிழ்களைப் பிரித்து, வெட்டுவாய் உலர்ந்ததும், அடிப்பகுதி மட்டும் பாசியில் படியுமாறு வைத்து, பாலிதீன் பைக்குள் நிழலில் விட்டேன். பத்தாவது வாரத்தில், காய்ந்த பழுப்பு உறையைக் கிழித்துக்கொண்டு அரிசிமணி அளவில் ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஐந்தில் நான்கு துளிர்த்தன. நான் சரியாகப் பிழியாத பாசியில் இருந்த ஒன்று அழுகிவிட்டது.

குறை ஒன்று உண்டு. பாக்கெட்டின் அடியில் தூளும் குச்சியும் நிறையவே இருந்தன. தூள் காற்றோட்டத்தை அடைத்துவிடும் என்பதால், நீண்ட இழைகள் கொண்ட பாசியையே பார்த்து வாங்குங்கள். பாசியில் தோல் தொற்று உண்டாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்; கையுறை அணிவது நல்லது. புதுத் தளிர் சொந்த வேர் விட்டதும் மரப்பட்டைக் கலவைக்கு மாற்றிவிடலாம். பூவுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.