அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கி மூன்று வருஷம்

பத்துக்கு ஆறரை. ரயிலுக்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் ஒன்பது.

வாங்கியது ரீசேல், 870 சதுர அடி, தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிய தெரு, பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடை தூரம். புரோக்கர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தெருவே தூங்கிக்கொண்டிருந்தது, வேப்பமர நிழல், ஒரு குயில்கூடக் கூவியது, நானும் சரி, தொழிற்பேட்டையெல்லாம் பழைய கதை என்று நினைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். குடிவந்த திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது, பின்பக்கத்துப் பட்டறைக்கு ஞாயிறு லீவு. மற்ற ஆறு நாளும் சுத்தியல் அடி, படுக்கையறைச் சுவரில் கைவைத்தால் அதிர்வு தெரியும்.

1964-ல் ஆரம்பித்த எஸ்டேட் இது. டன்லப் ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆனாலும் கண்டக்டர்கள் இன்னமும் "டன்லப் இறங்கு" என்றுதான் கூவுகிறார்கள். பல இடங்களில் ஐடி அலுவலகமும் குடோனும் வந்துவிட்டன, ஆனால் லேத்தும் பிரஸ்ஸும் ஓடுகிற சின்ன யூனிட்டுகள் போய்விடவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை, எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தவர்கள், சாயங்காலம் டீக்கடையில் பேச்சுத்துணையும் அவர்கள்தான்.

தண்ணீர்தான் பெரிய குறை. போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறது, ஆறு மாதத்தில் கீசர் காயிலை மாற்றினேன். குழாய் இணைப்பு வந்துவிடும் என்று சொல்லித்தான் பழைய ஓனர் விற்றார், கோடை வந்தால் இன்னமும் லாரிதான். அப்புறம் கொரட்டூர் ஏரி. அதில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். மழைக்காலத்தில் காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் 2015 டிசம்பர் வெள்ளத்தின் கோடு பெயின்ட்டுக்கு அடியில் மங்கலாக இருக்கிறது, வாங்கும்போது நான் கவனிக்கவில்லை, என் மாமியார் வந்த முதல் நாளே காட்டினார்.

காகித விஷயத்தில் மட்டும் புத்தியோடு நடந்துகொண்டேன். தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாம் வழக்கம்போல. ஆனால் வக்கீல் முதலில் கேட்டது, நிலம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) மாஸ்டர் பிளானில் குடியிருப்பா, தொழிற்சாலையா என்று. இந்தப் பகுதியில் இதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்றார். அடுத்தது யு.டி.எஸ்., அதாவது மொத்த மனையில் நம் ஃபிளாட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. பழைய கட்டடத்தில் நாளைக்கு மிஞ்சப்போவது அந்த மண் பங்குதான், எனக்கு 410 சதுர அடி வந்தது, அதனால்தான் பேரத்தில் ரொம்ப இழுக்கவில்லை. பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், கட்டணம் 2 சதவீதம், இதைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் ஆறரை என்றால், எம்.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நான் வண்டி ஓட்டுவதே இல்லை, ஆவடி லோக்கலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் சென்ட்ரல். மளிகை, மருந்து, ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்காகப் பதினொன்றுக்கும் சூடாகப் பரோட்டா, எல்லாம் தெருமுனையில். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் ஊர் இன்னும் ஊராகத்தான் இருக்கிறது.

எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, ஆபீஸ் நண்பன் கேட்டான். தரைத்தளம் வேண்டாம், இரண்டாவது மாடியில் வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.