லாக்புக் ஆஃப் த வேர்ல்ட்: பொருத்திப் பார்க்கும், விசாரிக்காது

உலகின் பல பகுதிகளுடன் வானொலியில் தொடர்பு கொண்டதற்குத் தரப்படும் டிஎக்ஸ்சிசி விருதைத் துரத்தும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் சங்கம் 2003 முதல் நடத்திவரும் லாக்புக் ஆஃப் த வேர்ல்ட் என்ற, இரு தரப்புப் பதிவேடுகளையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதிசெய்யும் இணையச் சேவை இன்று ஏறக்குறையத் தவிர்க்க முடியாத ஒன்றாகிவிட்டது. குறைந்தது 100 என்டிட்டிகளுடன் (விருதுப் பட்டியலில் தனித்தனியாகக் கணக்கிடப்படும் நாடுகள், தீவுகள்) தொடர்பு கொண்டதற்கு அத்தாட்சி காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும். அந்த அத்தாட்சிக்காக க்யூஎஸ்எல் எனும் உறுதிப்படுத்தல் அட்டை அச்சடித்து, சுயமுகவரி உறையும் பதில் தபால் செலவும் சேர்த்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தொடக்கம் சற்று அலுப்பூட்டும். உரிமத்தின் நகலையும் இன்னோர் அடையாள ஆவணத்தையும் அனுப்பி, மின்னணுச் சான்றைப் பெற்று, டிக்யூஎஸ்எல் மென்பொருளில் அதை நிறுவ வேண்டும். பிறகு லாக்கை, அதாவது தொடர்புப் பதிவேட்டை, ஏற்றுவது சில நிமிட வேலை. அதற்குக் கட்டணமும் இல்லை. இரு தரப்பு லாக்குகளிலும் அழைப்புக் குறிகள், பேண்ட் (அலைவரிசைப் பட்டை), மோடு (பேச்சு, மோர்ஸ் போன்ற முறை) ஆகியவை ஒத்து, நேர வித்தியாசம் 30 நிமிடத்துக்குள் இருந்தால் தொடர்பு உறுதியாகிறது. அட்டையில் தேதியைத் திருத்தும் பழைய தில்லுமுல்லுக்கு இங்கே வழியில்லை.

ஆனால், தொடர்பு நடந்தது என்பதை மட்டுமே இச்சேவை சொல்லும். எப்படி நடந்தது என்று கேட்காது. உரிமம் அனுமதித்த திறனுக்கு மேல் ஒருவர் ஆம்ப்ளிஃபையரை முடுக்கினாரா, எஃப்டி8 எனும் கணினிவழி மோடை ஓடவிட்டுத் தூங்கப் போனாரா என்பதெல்லாம் அதன் கண்ணில் படாது. 2017-இல் வந்த எஃப்டி8, 15 விநாடிச் சுழற்சியில், காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினியால் படித்துவிடுகிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் இரைச்சலோடு மல்லுக்கட்டும் புதுச்சேரி லாஸ்பேட்டை மாடிவாசிக்கு இது உண்மையாகவே வரம்தான். இரு முனையிலும் மனிதர் அந்தந்த நேரத்தில் தாமே தொடர்பைத் தொடங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கடைப்பிடிப்பது அவரவர் கையில்.

இடம் பற்றிய விதி இன்னும் தாராளமானது. விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) பேண்டுகளுக்கான வியுசிசி விருதில் தொடர்புகள் ஒன்றுக்கொன்று 200 கிலோமீட்டருக்கு மேல் விலகாத இடங்களிலிருந்து நடந்திருக்க வேண்டும். டிஎக்ஸ்சிசிக்கு டிரான்ஸ்மிட்டர் ஒரே என்டிட்டிக்குள் இருந்தால் போதும். என் மொட்டைமாடியில் இருப்பது ஒரு கம்பி டைபோல் ஆன்டெனா. உப்புக்காற்றில் அதன் பற்றவைப்புகள் பச்சை பூத்துப் போகும், சுரண்டிச் சுரண்டி மீண்டும் ஈயம் வைக்க வேண்டும். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டிச் செங்குத்து ஆன்டெனா வைத்திருக்கும் நண்பருக்கோ, உப்புநீரின் தயவால் தாழ்ந்த கோணத்தில் சிக்னல் வெகுதூரம் போகிறது. அவர் வீட்டிலிருந்து நான் என் அழைப்புக் குறியில் பேசினாலும் கணக்கு ஒன்றே. இணையம் வழியாகத் தொலைவிலுள்ள நிலையத்தை இயக்குவதையும், அது சட்டப்படி அமைந்திருந்தால், விதிகள் ஏற்கின்றன. எதைத் தம் கணக்கில் சேர்ப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அந்த விதிகளே சொல்லிவிடுகின்றன. இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகச் சிலர் குறை சொல்வார்கள். சரிபார்க்க முடியாததைத் தடை செய்தால் நேர்மையானவர் மட்டும்தானே கட்டுப்படுவார் என்பது என் எண்ணம்.

பட்டியலிலேயே சமமின்மை உண்டு. அந்தமானும் லட்சத்தீவும் தனித்தனி என்டிட்டிகள். அமெரிக்கர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அவை நமக்குக் கூப்பிடு தூரம். நமக்கு நேர் எதிர்ப்புறமோ பெருவுக்கு மேற்கே நடுக்கடல். அந்தப் பக்கத்துத் தீவுகளைப் பிடிப்பதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நம் புதுச்சேரியே ஒரு காலத்தில் பிரெஞ்சு இந்தியாவாகத் தனி என்டிட்டியாக இருந்தது. 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டுமே அதற்குச் செல்லும். அப்படி நீக்கப்பட்டவற்றை உச்சியில் இருப்பவர்களுக்கான ஆனர் ரோல் தரவரிசையில் சேர்ப்பதில்லை. பின்னால் பிறந்தவருக்குச் செய்த நியாயம் அது.

இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, விருதுக்கு விண்ணப்பிக்கும் பக்கம். உறுதியான தொடர்புகள் தாமாகக் கணக்கில் ஏறிவிடுவதில்லை. எவற்றுக்குக் கிரெடிட் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுத்துக் கட்டணம் செலுத்துகிறோம். கடலூரில் பிடித்தவற்றை நான் அங்கே தேர்ந்தெடுப்பதில்லை. இது விதி அல்ல, நானாக வகுத்துக்கொண்ட வரம்பு. நண்பருடைய மொத்தக் கணக்கு என்னுடையதைவிட எப்போதும் முன்னால்தான் இருக்கும். எந்த நிலையத்திலிருந்து பேசியது என்பதை வைத்து விருதுக் கணக்கைப் பிரித்துக் காட்டும் வசதியும் சேர்ந்தால், புதிதாக வரும் ஹாம்களுக்கு (அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு) இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு, காகித லாக்கில் நிலையத்தைக் குறிக்கத் தனிப் பத்தி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.